நீல நாடாவின் நீளம்

அனுப்புநர்:
பகல் அட்டைதாரர், ஏழாம் எண் வண்டி
(தையற்பணியாளர், மருத்துவமனைத் துணிப்பிரிவு),
பணியாளர் குடியிருப்பு, மூன்றாம் மாடி,
படிக்கட்டை ஒட்டிய ஒற்றை அறை.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்சார சைக்கிள் பகிர்வுப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: குடியிருப்பு வாசல் நிறுத்தத்திலுள்ள ஏழாம் எண் வண்டியின் இருக்கை உயரம் குறித்து நான் கொடுத்த புகாரின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை ரத்து செய்யக் கோருதல்.

பார்வை: 1. சென்ற ஆண்டு ஜூலையில் நான் கொடுத்த புகார். 2. ‘தங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று இந்த மாதம் எனக்கு வந்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நடவடிக்கை எடுக்கவில்லை என்று தங்களுக்குப் பலர் எழுதியிருப்பார்கள். எடுத்துவிட்டீர்களே என்று எழுதுவது அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எட்டு மாதமாக எந்த அலமாரியில் உறங்கியதோ, என் காகிதத்தைத் தேடி எடுத்து வேலையை முடித்திருக்கிறார்கள். அந்த ஊழியர்கள் மீது எனக்குக் குறையில்லை. நான் எழுதியதை அப்படியே நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

2. ஏழாம் எண் வண்டி இருவருக்குப் பொது. காலையில் நான் எடுத்துச் சென்று மாலையில் கொண்டுவந்து சார்ஜில் போடுவேன். பிறகு இரவு அட்டைதாரர் எடுத்துச் சென்று, நான் இறங்கி வருவதற்கு முன்பே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். மருத்துவமனை மேட்டின் உச்சியில் இருக்கிறது. என் முழங்கால்களை நம்பி அந்த மேட்டில் ஏற முடியாது. பெடலை மிதிக்கும்போது மோட்டார் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிக்கொடுப்பதால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

3. சீட் தாழ்வாக இருந்தால் எனக்கு முழங்கால் முழுதாக நீளாது. மேட்டில் பாதி தூரம் போவதற்குள் மூட்டு பிடித்துக்கொள்ளும். நான் தினமும் காலையில் சீட்டை ஏற்றுவதும், மறுநாள் அது இறங்கிக் கிடப்பதுமாக இருந்தது. ஆத்திரத்தில் புகார் எழுதினேன். ‘பிறரைப் பற்றிய எண்ணமே இல்லாத, நாகரிகம் அறியாத நபர்’ என்றும், ‘இத்தகையவரிடம் பொதுச்சொத்தை ஒப்படைத்தது யார்’ என்றும் அதில் கேட்டிருந்தேன். எழுதி முடித்ததும், நமக்கும் எழுத்து நன்றாக வருகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தங்கள் அலுவலகத்தில் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

4. ஒவ்வொரு நாளும் ஏறி உட்கார்ந்து பார்த்து இறங்கிச் சரிசெய்ய அலுத்துப்போய், சீட்டின் அடியில் ஒரு வெள்ளை நாடாவைக் கட்டித் தொங்கவிட்டேன். அதன் நுனி சீட் கம்பி இறங்கும் குழாயின் வாயைத் தொடும்வரை ஏற்றினால் என் உயரம். தையல்காரிக்குத் தோன்றும் வழி இதுதான். சில நாளில் என் நாடாவுக்குப் பக்கத்தில் ஒரு நீல நாடா தொங்கியது. என்னுடையதைவிட நான்கு விரல் குட்டை. ஏட்டிக்குப் போட்டியா என்று எனக்கு மறுபடியும் கோபம்.

ஆனால் அடுத்த வாரம் ஒரு காலையில் வந்து பார்த்தபோது சீட் ஏற்றப்பட்டிருந்தது. வெள்ளை நாடாவின் நுனி குழாயின் வாயைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. ஐயா, அதுவரை நான் தினமும் ஏற்றினேனே தவிர, மாலையில் அவருக்காக இறக்கி வைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ராத்திரியெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், தான் இறங்கிப்போன பிறகு வரப்போகிற ஒருவருக்காக சீட்டின் பிடியைத் தளர்த்தி, ஏற்றி, இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். நான் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

5. அன்று மாலையிலிருந்து நீல நாடாவின் அளவுக்குச் சீட்டை இறக்கி வைத்துவிட்டுத்தான் மாடியேறினேன். பிறகு மெல்ல மெல்ல மற்றவையும் சேர்ந்தன. செயின் கரகரவென்று கத்தியது. நான் எண்ணெய் வாங்க நினைத்திருந்தபோதே சத்தம் நின்றிருந்தது. பின் டயரில் காற்று குறைந்தால் நான் அடித்து வைப்பேன். சார்ஜர் செருகி அடிக்கடி தளர்ந்து, பேட்டரி சார்ஜ் ஏறுவது பாதியிலேயே நின்றுவிடும்; துணியால் ஒரு வளையம் தைத்து அதைக் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். மறுநாள் அந்த வளையத்தில் என்னுடையதைவிட நல்ல முடிச்சு விழுந்திருந்தது. மழைக்காலத்துக்கு, கழித்துப்போட்ட ரப்பர் விரிப்பில் சீட்டுக்கு ஓர் உறை தைத்து மாட்டினேன். காலையில் அந்த உறை, உதறி மடித்து முன்கூடையில் இருக்கும். சீட்டும் ஈரமில்லாமல் துடைத்திருக்கும்.

6. இதையெல்லாம் ஒரு பொறியாளருக்கு எழுதுவது வீண் கதை என்று தாங்கள் நினைக்கலாம். என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். துணிப்பிரிவு தரைக்குக் கீழே இருக்கிறது. இரண்டு தையல் இயந்திரங்களில் ஒன்றில் இருந்த அக்கா ஓய்வுபெற்றபின் அதன்மேல் மூட்டைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. கிழிந்த விரிப்புகள் வரும், தைத்தவை போகும். கொண்டுவருகிறவர் காதில் பாட்டு மாட்டியிருப்பார். என் தங்கை மகள் எப்போதாவது போன் செய்து, “நல்லா இருக்கீங்களா பெரியம்மா?” என்பாள். “நல்லா இருக்கேம்மா” என்பேன். அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் தோன்றாது. என் கால் நீளம் தெரிந்த ஒரே மனிதர் அந்த இரவு அட்டைதாரர்தான்.

அவரை நான் பார்த்ததில்லை. ஆணா பெண்ணா என்று கேட்டதுமில்லை. கேட்டால் நிறுத்தக் காவலாளி சொல்லியிருப்பார். பார்த்து, சிரித்து, நாலு வார்த்தை பேசி, பிறகு பேச ஒன்றுமில்லாமல் போவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இது அப்படி ஆகிவிடக் கூடாது என்று பயந்தேன். கைப்பிடியில் சில நாள் மாவு ஒட்டியிருக்கும். அதிலிருந்து ரொட்டி அடுமனையில் வேலை என்று ஊகித்துக்கொண்டேன்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து நாலைந்து நாள் கீழே இறங்கவில்லை. திரும்பி வந்தபோது சீட் என் உயரத்தில் நின்றது. காவலாளி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “நீங்க வராதப்பவும் ஏத்தி வச்சிட்டுத்தாம்மா போனாங்க. அவங்கதான் வரலையே, எதுக்கு சிரமம்னு கேட்டேன். நாளைக்கு வந்துட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.” நான் படுத்திருந்த நாட்களில் என்னை எதிர்பார்த்து ஒருவர் இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

7. இந்த மாதத் தொடக்கத்தில் தங்கள் மெக்கானிக்குகள் இருவர் வந்தார்கள். ஏற்றி இறக்கும் பிடியைக் கழற்றி, தனிச்சாவி இல்லாமல் திறக்க முடியாத நட்டைப் போட்டு, சீட்டை நடுவாந்திரமான ஓர் உயரத்தில் இறுக்கிவிட்டார்கள். அந்த உயரம் எனக்கும் சரியில்லை, அவருக்கும் சரியில்லை. தொங்கிய நாடாக்களைக் குப்பை என்று வெட்டிப் போட்டார்கள். நான் மாலையில் வந்தபோது ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே, “மேடம், நீங்கதானே கம்ப்ளெயின்ட் குடுத்தீங்க? இனி யாரும் அசைக்க முடியாது, நிம்மதியா போங்க” என்றார். நல்ல மனிதர். அவருக்கு நன்றி சொல்லித் தொலைத்தேன்.

8. அதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரவு அட்டைதாரருக்கு எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்பியிருக்கிறீர்கள். அதனுடன் என் புகாரின் நகலையும் இணைத்திருக்கிறீர்கள். அவருக்கு வாசிக்க வராதாம். காவலாளிதான் படித்துக் காட்டியிருக்கிறார். பிறரைப் பற்றிய எண்ணமே இல்லாத நபர் என்று நான் எழுதியதை, அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் கேட்டிருக்கிறார். காவலாளியிடம் இருந்த அந்த நகலை நான் பார்த்தேன். தங்கள் அலுவலக முத்திரை சரியாக நான் எழுதிய தேதியின் மேல் விழுந்திருக்கிறது. ஆகவே நான் அதைப் போன ஜூலையில் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இத்தனைக்கும் பிறகு, போன வாரம் எழுதினேன் என்றுதான் நினைத்திருப்பார்.

“அந்தப் பகல்காரங்களா எழுதினாங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். ஆமாம் என்றதும் அட்டையைக் காவலாளியின் மேசையில் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டாராம். அன்றிலிருந்து வரவில்லை.

அந்த அட்டை இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் தங்கள் ஆள் வந்து எடுத்துப்போகும்வரை வைத்திருக்கிறேன் என்று காவலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். எடுத்துப்போய்விட்டால் அட்டை ரத்தாகிவிடும் என்கிறார். அதனால்தான் இந்த அவசரம்.

9. ‘இனி இவ்வண்டியை இரவிலும் தாங்களே பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று எனக்கு வந்த கடிதத்தின் கடைசி வரியில் சலுகை அளித்திருக்கிறீர்கள். அதை ஏற்க இயலவில்லை. இரவில் எனக்குப் போவதற்கு ஓர் இடமும் இல்லை. இப்போதும் மாலையில் காற்று பார்க்கிறேன், செருகியைக் கட்டுகிறேன், உறையை மாட்டுகிறேன். காலையில் வந்தால் எல்லாம் நான் வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

ஆகவே ஐயா அவர்கள் தயவு செய்ய வேண்டியவை:

எச்சரிக்கை நோட்டீஸைத் திரும்பப் பெற்று, புகார் சென்ற ஜூலையில் எழுதப்பட்டது என்பதை இரவு அட்டைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். கடிதமாக அனுப்பாமல், ஓர் ஊழியர் நேரில் போய் வாயால் சொன்னால் நல்லது. எழுதியவள் வருந்துகிறாள் என்று சேர்த்துச் சொல்ல விதியில் இடமிருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். அவருடைய பெயரோ முகவரியோ எனக்கு வேண்டாம்.

சீட்டை ஏற்றி இறக்கும் பிடியைப் பழையபடி பொருத்த வேண்டும்.

பிடியைப் பொருத்துவது விதிப்படி இனி முடியாது என்றால், மாற்றாக ஒன்று கேட்கிறேன். வெட்டிப்போட்ட நாடாக்களில் நீல நிறத்தது தரையில் கிடந்தது, எடுத்து வைத்திருந்தேன். இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் மெக்கானிக் அதைச் சீட்டின் அடியில் பிடித்து, நுனி குழாயின் வாயைத் தொடும்வரை சீட்டை இறக்கி, அங்கேயே நிரந்தரமாக இறுக்கிவிடட்டும். சென்ற ஜூலையில் நான் புகார் செய்தது இந்த உயரத்தைப் பற்றித்தான் என்பது எனக்கு நினைவிருக்கிறது. முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பகல் அட்டைதாரர், ஏழாம் எண் வண்டி

இடம்: துணிப்பிரிவு, மருத்துவமனை.
நாள்: மார்ச் 14. (முத்திரை இதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.)

இணைப்பு: நீல நாடா ஒன்று. வேலை முடிந்ததும் சீட்டிலேயே கட்டிவிடவும்.