சர்வேயருக்கு ஆக்கிய நெய்ச்சோறு

திருப்பாலைக்குடி,
7.12.1987

என் பிரியமுள்ள மச்சானுக்கு, உங்கள் ஜுனைதா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே உம்மா, வாப்பா, நம் பிள்ளை மலிகா எல்லோரும் நலம். ஜித்தாவில் உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடாதீர்கள்.

மழையில் நம் அறையின் கூரை விழுந்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இன்சூரன்ஸ் பணம் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூத்தைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

சேதத்தைப் பார்க்க மதுரையிலிருந்து சர்வேயர் வருகிறார் என்று ஏஜெண்டு பூமிநாதன் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், உம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "மதுரையில இருந்து ஆபீசர் வாராக, வீடு இந்தக் கோலத்துல கெடந்தா நம்மள என்ன நெனப்பாக?" என்று தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார்கள். உடைந்த ஓடுகளை அள்ளிக் கொட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மேலே புதுக் கீற்று வேய்ந்து, ஊதுபத்தியும் கொளுத்தியாயிற்று. நானும்தான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். புத்தி எங்கே போயிற்றோ!

சர்வேயர் வந்தார். நெய்ச்சோறும் கறியாணமும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சேதம் எங்கே என்று கேட்டார். அறையைக் காட்டினோம். பாலிசியில் ஓட்டுக் கூரை, தேக்கு உத்திரம் என்றல்லவா இருக்கிறது, இது நல்ல கீற்றுக் கூரையாக இருக்கிறதே என்றார். விழுந்த உத்திரத்தையாவது காட்டுங்கள் என்றார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்க சாப்பிட்ட சோறு அதுலதான் வெந்துச்சு வாப்பா" என்றார்கள். பூமிநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நல்ல மனுஷர் அந்தச் சர்வேயர். ஓட்டுக் கூரை இருந்ததற்கு அத்தாட்சி ஏதாவது கொடுத்தால் எழுதி அனுப்புகிறேன் என்றார். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நிக்காஹ் அன்று நம் அறையில் எடுத்த உங்கள் போட்டோ. கட்டிலில் மாலையோடு நீங்கள் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேல் உத்திரமும் ஓடும் தெரிகிறதே, அதுதான்.

அன்றைக்கு அறைக்குள் வந்ததும் அந்த உத்திரத்தில்தானே உங்கள் தலை இடித்தது? குனிந்திருந்த நான் அந்தச் சத்தம் கேட்டுத்தான் முதன்முதலாக உங்களை நிமிர்ந்து பார்த்தேன். வலித்ததா என்று கேட்க ஆசை, வெட்கத்தில் வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன், வலித்ததா மச்சான்? மழை பெய்தால் ஓட்டுச் சத்தத்தில் நாம் பேசுவது கூடத்தில் இருக்கும் வாப்பாவுக்குக் கேட்காது என்று மழைக்காகக் காத்திருப்பீர்களே, அதுவும் நினைவிருக்கிறதா? கீற்றில் மழை பெய்வது காதில் விழுவதே இல்லை.

படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். சர்வேயர் போகும் பஸ் வந்துவிட்டதால் நகல் எடுக்கவும் நேரமில்லை. பணம் கிடைத்துவிடும், படம் திரும்பி வர நாளாகும் என்கிறார் பூமிநாதன்.

மலிகா தினமும் அந்தப் படத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். நீங்கள் பயணம் போனபோது அவள் தொட்டில் பிள்ளை. அவளுக்கு வாப்பா என்றால் அந்தப் படம்தான். மறுநாள் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, வாப்பா எங்கே என்று கேட்டாள். மதுரைக்குப் போயிருக்கிறார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். "அப்ப சாயங்கால பஸ்ல வந்துருவாகளா உம்மா?" என்றாள். அன்றிலிருந்து பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள்.

வீட்டை எடுத்துக் கட்டப் பணம் சேரட்டும், வருகிறேன் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இதைப் படித்துவிட்டு வேறு போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள். நீங்களே வாருங்கள். புது உத்திரத்தை ஒரு முழம் உயர்த்தி வைக்க ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்களை ஸலாமத்தாகக் கொண்டுவந்து சேர்க்க அல்லாஹ்விடம் கையேந்தி நிற்கும்,
உங்கள் ஜுனைதா