மலை ரயிலில் கத்தாதவள்

ஆகஸ்ட் 4, திங்கள்
நான் தைத்த ஷூ மேல்தோல் மூன்று ஜோடி திரும்பி வந்தது. தையல் ஓரம் தாண்டி ஓடியிருக்கிறதாம். மிஷின் தோலை இழுக்கிறது என்றேன். மெக்கானிக் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். சூப்பர்வைசர் ஜான்சன் சார், "கவனம் எங்க இருக்குது ஹெலன்? இன்னொரு வாட்டி வந்தா வேற செக்‌ஷன்தான்" என்றார். பதினாறு வருஷம் தைத்தவளுக்கு இந்தப் பேச்சு!

ஆகஸ்ட் 10, ஞாயிறு
கம்பெனி டூர், தீம் பார்க். வி.ஆர். கொட்டகையில் கனமான கண்ணாடியை மாட்டி, ஆடும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மலை உச்சியில் ரயில் பாய்கிறதாம். பக்கத்து மிஷின் அம்பரீன் "யா அல்லா!" என்று என் கையைப் பிராண்டிவிட்டாள். நான் திருப்பத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி இருந்தேன். முகத்தில் டி.வி. ஒட்டியதுபோல ஒரு படம், அவ்வளவுதான்.

இடது பக்கம் புகைமூட்டம் வேறு. துடைக்கச் சொன்னேன், போகவில்லை. வேறு கண்ணாடி கொடுத்தார்கள். அதிலும் அதே புகை. இரண்டுமே ரிப்பேரா?

ஆகஸ்ட் 11
லைன் முழுக்க எனக்கு 'இரும்பு மனசு' என்று பேர். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அம்பரீன், "காலுக்குக் கீழ எம்மாம் ஆழம்க்கா!" என்கிறாள். ஆழமா? நான் எந்த ஆழத்தையும் பார்க்கவில்லையே. என் கண்ணாடியில் வேறு படம் போட்டார்களோ?

ஆகஸ்ட் 12
டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். இந்த வாரத்தில் இரண்டாம் தரம்.

ஆகஸ்ட் 14
சந்தேகம் தாங்காமல் வலது கண்ணைப் பொத்திக் காலண்டரைப் பார்த்தேன். தேதியே இல்லை. புகை — அதே புகை. அன்னிக்கு பார்க்குல அந்த ஆளு எதைத் துடைச்சாரு? என் கண்ணையா துடைக்கச் சொன்னேன்? நல்ல கண்ணாடிய ரிப்பேர்னு சண்ட போட்டேனே!

ரெண்டு வருஷம் முன்ன ஊசி உடைஞ்சு கண்ணோரம் தெறிச்சுது. தண்ணி அடிச்சுக் கழுவிட்டு மறுபடி உக்காந்துட்டேன். அதுவா இது? எப்போதிலிருந்து ஒரே கண்ணால் தைக்கிறேன்? சொன்னால் மிஷினைவிட்டு எழுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால்? பயமாயிருக்கிறது. ரயிலில் வராத பயமெல்லாம் இப்போது வருகிறது.

ஆகஸ்ட் 18
வீட்டில் இவரிடம் மட்டும் சொன்னேன். திட்டவில்லை, லீவு போட்டு வேலூருக்குக் கூட்டிப்போனார். அடிபட்டதில் வந்த கண்புரையாம். ஒரே கண்ணால் பார்த்தால் ஆழமும் தூரமும் சரியாகத் தெரியாதாம். "எனக்கு நாப்பத்தொண்ணுதானே டாக்டர் ஆவுது?" என்றேன். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்றார். வராவிட்டால் என்று கேட்காமலே எழுந்து வந்தேன்.

ஆகஸ்ட் 19
ஜான்சன் சாரிடம் சொல்லிவிட்டேன். குனிந்து என் கண்ணைப் பார்த்தார். "முடிச்சிட்டு வாம்மா. உன் மிஷின் அங்கயேதான் இருக்கும்." நம்புவதா? தெரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு
ஆபரேஷனுக்குப் பின் முதல் தடவை வெளியே வந்தோம். ஆம்பூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி இறங்கிக் கீழே பார்த்தேன். அம்மாடி! தண்டவாளம் அங்கே, அத்தனை கீழே கிடந்தது. எத்தனை தடவை இதில் கை வீசி நடந்திருக்கிறேன். "ஐயோ, என்ன புடிங்க!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தார்.

நாளைக்கு மிஷினில் உட்காருகிறேன். அம்பரீனிடம் இதைச் சொல்லப் போவதில்லை. அந்த 'இரும்பு மனசு' பேர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.