வெளுத்துப்போன சிவப்பு வரி

பள்ளிவாசல்துறை,
ஞாயிறு, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள மச்சான் றஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுதுவது ஹாசிம். பெயரைக் கண்டதும் கிழித்துவிடாதே, நல்ல செய்தி இருக்கிறது. போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பார்த்துக் கொப்பியடித்த அதே கையால் இந்தக் கிறுக்கல்.

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த மணிக்கூட்டை நீ மாற்றவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து எனக்கு மூளை வேலை செய்திருக்கிறது. சிரிப்பதென்றால் சிரி. நானே மூன்று நாளாகச் சிரிப்பும் அழுகையுமாகத்தான் திரிகிறேன்.

என் மகள் ஆதிலா இப்போது கற்பிட்டியில் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறாள். காற்றுக்குப் பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற கூட்டத்தோடு அங்கே ஒரு பெண் வந்திருந்தாள். கடலில் முழுகுகிறவர்கள் கையில் கட்டும் பழைய மணிக்கூடுகளை எந்த ஊரில், எந்த வருஷம், எத்தனை செய்தார்கள் என்று தேடிப் புத்தகம் எழுதுவது அவளுடைய தொழில். இப்படியும் ஒரு தொழில்! ஆதிலா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அதனால்தான் வாப்பா தன் கூட்டாளியோடு கோபம் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை அந்தப் பெண் எங்கள் வாசலில் நிற்கிறாள்.

உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். கப்பலில் வேலை செய்த ஹயாத்து முகம்மது மாமா என் கல்யாணத்துக்குக் கட்டிவிட்ட மணிக்கூடு அது. கறுப்பு முகப்பு, எவ்வளவு ஆழம் தாங்கும் என்று சிவப்பில் ஒரு வரி. கடலுக்கென்றே செய்த சாமானை உப்புப் பட்டால் கெட்டுப்போகும் என்று பெண்சாதி பளீலாவின் கூறைச் சேலைக்குள் சுற்றி அலுமாரியில் பூட்டிவைத்த புத்திசாலி நான். சிலிண்டர் கட்டிச் சங்கு குளிக்க நீ கேட்டாய், தந்தேன். இரண்டு சீசன் கழித்துத் திருப்பித் தந்தபோது அந்த வரி வெள்ளையாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது என்று நீ சொன்னாய். சீமைச் சாயம் வெயிலுக்குப் போகுமா, நல்லதை விற்றுவிட்டுப் போலியைத் தருகிறாய் என்று கத்தினேன். பள்ளிவாசல் நிர்வாகத்தார் முன்னால் நீ சத்தியம் பண்ணினாய். உனக்குச் சாட்சி யார் என்று கேட்டேன். அடுத்த கிழமை நீ ஊரிலேயே இல்லை.

அந்தப் பெண் சொன்னதை ஆதிலா தமிழில் சொன்னாள். சீமையில் மலைப்பக்கத்துச் சின்னப் பட்டறை ஒன்று மூன்றே வருஷம்தான் அதைச் செய்ததாம். முதல் வருஷத்து அறுநூறில் மட்டும் சிவப்பு வரி. சாயம் கலந்த இடத்தில் ஏதோ பிழை, வெயிலும் உப்பும் பட்டால் வெளுத்துவிடும். வாங்கியவர்கள் குறை சொன்னதும் பட்டறைக்காரர் பிழை எங்களுடையது என்று எல்லாருக்கும் கடிதம் போட்டு, முகப்பையும் சும்மா மாற்றிக் கொடுத்தார்களாம். அடுத்த வருஷத்திலிருந்து எல்லாம் வெள்ளை எழுத்து. மாற்றாமல் அப்படியே வெளுத்ததுதான் இப்போது கிடைக்காதாம், அதைத்தான் உலகமெல்லாம் தேடுகிறார்களாம்.

என் பிடிவாதம் உனக்குத் தெரியும். இது அதே மணிக்கூடுதான் என்று எப்படி நம்புவது என்று அப்போதும் கேட்டேன். அவள் பட்டியைக் கழற்றினாள். பட்டி மறைத்திருந்த இடத்தில் ஓர் இலக்கம் வெட்டியிருந்தது. வாங்கும்போது தந்த கடதாசி இருக்கிறதா என்று கேட்டாள். பளீலா போய் மணிக்கூட்டோடு மாமா தந்த பெட்டியைக் கொண்டுவந்தாள். அதே அலுமாரி, அதே தட்டு! ஆதிலா மணிக்கூட்டைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, பளீலா கடதாசியைப் பார்த்து ஓம், ஓம் என்றாள். கடைசி இலக்கம் வரைக்கும் ஒன்றுதான். பிறகு நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதரம் சரிபார்த்தேன்.

பட்டறைக்காரர் ஒரு வருஷத்தில் ஒத்துக்கொண்ட பிழையை ஒத்துக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வருஷம் பிடித்தது, மச்சான். என்னை மன்னித்துவிடு.

பளீலா என்னை ஒன்றும் ஏசவில்லை. அன்றிலிருந்து என் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். விலைக்குத் தருவீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். இதற்குச் சொந்தக்காரர் கிண்ணியாவில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ வரும் வரைக்கும் என் கையில் கட்டியிருக்கிறேன். நன்றாக வெயில் படட்டும்.

இனிச் சந்தோஷக் கதை. நீ தோளில் ஏற்றிக்கொண்டு கரையெல்லாம் திரிந்த ஆதிலாவுக்கு நிக்காஹ். அடுத்த மாதம் பதினாலாம் திகதி, வெள்ளி, அஸருக்குப் பிறகு நம் பள்ளியில். மாப்பிள்ளை கரைத்தீவு நஜாத், தங்கமான பிள்ளை. வாப்பா என்ற முறையில் கைபிடித்துக் கொடுப்பது நான். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மாப்பிள்ளை பக்கம். மற்ற இடத்துக்கு நான் ஒருவரையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். உனக்குச் சாட்சி யார் என்று நான் கேட்ட அதே பள்ளியில், என் பிள்ளைக்குச் சாட்சியாக நீ வந்து இரு.

அல்லாஹ் உன் பயணத்தை இலேசாக்கி வைப்பானாக.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
ஹாசிம்.

பி.கு.: சீனி இன்னும் வரவில்லை. உனக்கு ஊற்றும் கோப்பையோடுதான் எனக்கும் போடுவாளாம்.