பாட்டில் மேல் வந்த வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவின் கண்ணை விட்டால் இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம்.

அண்ணன் சொல்லியிருப்பான், இருந்தாலும் நான் சொல்லி நீ கேட்க வேண்டும். குளிர்பானத் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது, பாகு கலக்கும் அறையில் இருபத்தாறு வருஷம் நின்ற எனக்கும் வேலை போய்விட்டது. இப்போது பாகு வாசனை போய் ஈகூட உங்களைச் சீண்டுவதில்லை என்று அம்மா கேலி செய்கிறாள். சர்க்கரைப் பானத்துக்குப் புது வரி வந்ததிலிருந்து விற்பனை பாதிதான் என்று மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அந்த வரியை வகுத்த குழுவில் என் மகள் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. என்னோடு வேலை போன, பாட்டிலுக்கு மூடி போடும் மெஷின்காரனுக்குத் தெரியும். கேட்டில் எல்லார் முன்னாலும், "உம்ம பொண்ணு எழுதினது என் வயித்துல அடிச்சிருச்சு, அவகிட்டயே சொல்லும்" என்றான். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவன். சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன்.

அண்ணனிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. எங்களுக்குத் தினமும் இரண்டு பாட்டில் இலவசம் அல்லவா, அதை நான் குடிக்காமல் ஆசையாக அம்மாவுக்குத்தான் கொண்டுவருவேன். சர்க்கரை வியாதி வந்த பிறகும் ஒன்றாவது கேட்பாள், எனக்கு மறுக்க மனசு வராது. வரி போட்டும் விலை ஊருக்குத்தான் ஏறியது, எங்கள் வீட்டுக்கு ஏறவில்லை. வேலை போனதும் பாட்டிலும் நின்றது. கடையில் ஒன்றை எடுத்தவள் விலைச் சீட்டைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்து, "இந்தத் தண்ணிக்கா இவ்வளவு?" என்று திருப்பி வைத்துவிட்டு, அந்த வரிப் பணத்தில் அரசு விலை குறைத்திருக்கும் வெள்ளரிக்காயை அள்ளிப் பையில் போட்டாள். நேற்று ரத்தம் பார்த்த டாக்டர், வருஷக்கணக்கில் இறங்காத சர்க்கரை இறங்கியிருக்கிறது, இருக்கிற பார்வையாவது மிஞ்சும் என்றார். அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் மருந்து வாங்குகிற சாக்கில் வெளியே போய், சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அண்ணனிடம் அழுதாயாமே, எங்களுக்குப் போன் பண்ணாததும் அதனால்தானா? விடாதே அம்மா. மெஷின்காரன் சொன்னதும் நிஜம், டாக்டர் சொன்னதும் நிஜம். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் நீ எழுந்து வந்துவிட்டால் அவன் முகம் தெரிந்தவர்கள் அந்த மேஜையில் யார் இருப்பார்கள்? வேலை போனவர்களுக்கு வேறு தொழில் பழக்கவும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று எழுது. அவனுக்கு நாற்பது வயதுதான், எதையும் பழகிக்கொள்வான்.

நல்லா இரு கண்ணு, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, அம்மா காத்திருப்பாள். அவளிடம் பாட்டில் பேச்சை மட்டும் எடுக்காதே. தன் கண்ணைக் கெடுத்தது நான் கொண்டுவந்து கொடுத்ததுதான் என்று அவளுக்கு இன்னும் தோன்றவில்லை. அதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா