பின்சாக் கடையில் அக்கா

மார்ச் 8, சனி

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் வெயில். இன்றைய வேலைகள்: ஏழாம் வகுப்பு விடைத்தாள், குடைக்கு ஒரு கம்பி, அக்காவை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவருவது.

மஸ்கெலியாவிலிருந்து பஸ் மாறி வந்தாள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு. நான் நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்தபின் முதல் தடவை. என் அறையைச் சுற்றிப் பார்த்து, "நல்லா வச்சிருக்க மாலா."

மத்தியானம் புதுப் பின்சாக் கடை. நான்தான் ஆசையாகக் கூட்டிப்போனேன். ரோமில் வேலை செய்து திரும்பிய சிங்களவர் நடத்துகிறார். பின்சா பீட்சா மாதிரிதான், ஆனால் நீளவாக்கில். கத்தரிக்கோலால் வெட்டித் துண்டாகத் தருகிறார். உருளைக்கிழங்கும் லீக்ஸ் தாளும் போட்டது ஒன்று, தக்காளி போட்டது ஒன்று. மாவில் அரிசி மாவும் சேர்ப்பாராம், இரண்டு நாள் குளிரில் புளிக்க விடுவாராம். அக்காவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். அவள்தான் கேட்டுச் சொன்னாள்.

"மேல மொறுமொறுன்னு, உள்ள பஞ்சு மாதிரி. நம்ம ரொட்டி இப்படி வராதா?"

இரண்டாவது துண்டும் சாப்பிட்டாள். சந்தோஷமாக இருந்தாள்.

அப்போது விஜி டீச்சர் உள்ளே வந்தார். என் பள்ளிக்கூடம்தான், யாழ்ப்பாணத்துக்காரர். கொழுந்துக் கறையில் கறுத்த அக்காவின் விரல்களைப் பார்த்தார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"இவா ஆர் டீச்சர்?"

"தெரிஞ்சவங்க. தோட்டத்துல இருந்து வந்திருக்காங்க."

வாயில் வந்துவிட்டது. அக்கா நிமிரவில்லை. நான் கை கழுவப் போனேன். குழாயடியில் தேவைக்கு மேல் நின்றேன். திரும்பியபோது விஜி டீச்சர் போயிருந்தார்.

அக்கா மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். இரவு தங்கத்தான் வந்திருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

தூறல். விடைத்தாள் பாதிகூட முடியவில்லை. போன் செய்தேன்.

"நல்லபடியா வந்துட்டேன். கோழிக்குத் தீனி போடணும், போனை வச்சிடவா?"

அவ்வளவுதான்.

அம்மா இறந்தபோது படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவள். நான் படிக்க. தெரிஞ்சவங்களாம்.

மார்ச் 11, செவ்வாய்

இடைவேளையில் விஜி டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "சனிக்கிழமை நீங்க பாத்தது என் அக்கா. கூடப் பிறந்தவங்க."

தேநீரைக் கீழே வைத்தார். "அப்ப ஏன் அவா உங்கட வீட்டில வேலைக்கு நிக்கிறன் எண்டு சொன்னவா?"

நான் குழாயடியில் நின்ற நேரம். எப்படித் தெரியும் என்று இவர் அக்காவிடம் மறுபடி கேட்டிருக்கிறார். அக்கா சிரித்துக்கொண்டே அப்படிச் சொன்னாளாம்.

ஐந்தாம் பாடவேளையில் பாடம் எடுக்கவில்லை. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். மணி அடித்தபின் விஜி டீச்சர் பக்கத்தில் வந்து, "போய்ப் பாருங்கோ" என்றார்.

மார்ச் 15, சனி

முதல் பஸ். மஸ்கெலியாவில் மழை. அக்கா தோட்டத்து லய வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நனைந்தபடியே சொன்னேன்.

"மன்னிச்சிரு அக்கா. நான் சொன்னது தப்பு."

"சரி. உள்ள வா."

"நீ ஏன் வேலைக்காரின்னு சொன்ன?"

"நீ ஒண்ணு சொல்லிட்ட. நான் அக்கான்னு மாத்திச் சொன்னா உனக்குத்தான மானக்கேடு. அவங்ககூடத்தான நீ தினம் வேலை செய்யணும்."

அழுதேன். அவள் அழவில்லை. சோறு போட்டாள், கருவாட்டுக் குழம்பு. ஸ்கூல் லீவில் வந்து என்னோடு ரெண்டு நாள் இரு என்றேன்.

"நீ எப்ப வேணும்னாலும் இங்க வா. நான் அங்க வரல மாலா."

கோபமே இல்லாமல் சொன்னாள்.