தேறாத வார்டு

மார்ச் 4

காரில் உட்கார்ந்தே இடுப்பு கழன்றுவிட்டது. தர ஆய்வுக் குழு என்று பெயர்தான் பெரிது. இருப்பது இரண்டே பேர். ஆபரேஷன் தியேட்டர் அலுத்துப்போய் இந்த வேலைக்கு வந்த மயக்க மருந்து டாக்டர் நான். இன்னொருவர் புள்ளிவிவரம் பார்ப்பவர், அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கணக்குப்புலி. அரசு மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு நாங்கள் மதிப்பெண் போடவேண்டும்.

இன்று பார்த்தது பெரிய மருத்துவமனை. தரையில் முகம் தெரிந்தது. கட்டிலுக்கு ஒரு மானிட்டர், ஒரு நர்ஸ். நோயாளிகள்தான் குறைவு. அதில் ஒருவர் எங்களைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து வணக்கம் வைத்தார்.

"ஐ.சி.யூ.வுல எழுந்து வணக்கம் வைக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் கணக்குப்புலி, காரில் ஏறியதும். சிரித்துவிட்டேன். பிறகு ஏனோ நெருடியது.

மார்ச் 6

இது சின்ன மருத்துவமனை. பழைய எக்ஸ்ரே அறையைத்தான் ஐ.சி.யூ. ஆக்கியிருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. கட்டில் எல்லாம் நிறைந்து, ஸ்ட்ரெச்சரிலும் ஒருவர். மூச்சுக்கருவி இரண்டில் ஒன்று ஓடுகிறது. மற்றது போர்வை போர்த்தி மூலையில் நிற்கிறது. ஓடும் கருவி கிடைக்காத நோயாளிக்கு அவர் தம்பிதான் கையால் பையை அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். கை வலித்தால் நோயாளியின் மனைவி வாங்கிக்கொள்கிறாள். மாடியில் ஆபரேஷன் நடந்தால் கீழே ஆக்ஸிஜன் அழுத்தம் விழுகிறது. கை கழுவும் குழாயில் தண்ணீர் இல்லை, வாளியும் குவளையும்.

தலைமை நர்ஸை எல்லோரும் 'மேஜர்' என்கிறார்கள். ஒல்லி உடம்பு, உரத்த குரல். எதைக் கேட்டாலும் தானே இழுத்துக் காட்டினார்.

"இங்க எத்தனை பேர் பிழைக்கிறாங்க சிஸ்டர்?"

"பாதிப் பேர் போயிடறாங்க மேடம். வேற எங்கயும் எடுக்காதவங்கதான் எங்ககிட்ட வர்றாங்க."

இதையெல்லாம் நான் எழுதவேண்டியிருக்குமே என்றேன், கொஞ்சம் தயங்கி.

"மறைக்கணும்னா நேத்தே மறைச்சிருப்போம். ஒண்ணு விடாம எழுதுங்க. எழுதினாத்தான் ஏதாவது வரும்."

மார்ச் 7

வீட்டில் என் கணவரிடம் அந்த வாளியைப் பற்றிச் சொன்னேன். "சாப்பிடும்போது வேண்டாமே" என்றார். கணவர்களுக்கென்று ஒரு சௌகரியம் இருக்கிறது.

மார்ச் 15

அறிக்கையோடு மல்லுக்கட்டு. பெரிய மருத்துவமனையில் இறப்பு மிகக் குறைவு. எப்படி? பிழைக்கமாட்டார் என்று தெரிந்தால், "கடைசி நேரம் வீட்ல இருக்கட்டும்" என்று அனுப்பிவிடுகிறார்களாம். கணக்குப்புலி தோண்டித் துருவிக் கேட்டிருக்கிறார். "வீட்டுக்குப் போற வழியில செத்தா அது யார் கணக்குலயும் வராது மேடம்."

"சின்ன ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க ஏற்கனவே மோசமான நிலைமையில வர்றவங்க. அதைக் கழிச்சுப் பாக்க முடியாதா?"

"வரும்போது எப்படி இருந்தாங்கன்னு யாரும் பதிவு பண்ணலையே. எதை வச்சுக் கழிக்கிறது?"

பதிவு பண்ண அங்கே யாருக்குக் கை ஒழிந்தது?

பார்த்ததை எழுதினேன். 'பாதுகாப்பற்ற நிலை.' அதன் கீழே இரண்டு பக்கத்துக்குப் பரிந்துரைகள்: நர்ஸ்கள், தனி ஆக்ஸிஜன் குழாய், தண்ணீர், மூச்சுக்கருவிப் பழுது. மேஜர் கேட்டபடி ஒன்றையும் விடவில்லை.

ஏப்ரல் 2

சின்ன மருத்துவமனையின் பிரிவை மூட உத்தரவு. நோயாளிகளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமாம். ஓடிக்கொண்டிருந்த மூச்சுக்கருவியும் அங்கேயே போகிறது.

ஏப்ரல் 3

உத்தரவு போட்ட இயக்குநரின் அறை வாசலில் காலை முழுக்கக் காத்திருந்தேன்.

"சரி பண்ணணும்னுதான் சார் எழுதினேன். மூடச் சொல்லலையே."

"பாதுகாப்பில்லைன்னு எழுதினது யாரு? நீங்க. அதைக் கையில வச்சுக்கிட்டு நான் நடத்தினா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கழுத்துக்குத்தான் கத்தி வரும்."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

"ஆம்புலன்ஸ் இருக்கும்மா."

மனிதர் கெட்டவரில்லை. எனக்குக் காபி வரவழைத்தார். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஏப்ரல் 11

மேஜருக்குப் போன் செய்தேன். "சொல்லுங்க மேடம்" என்றார். நலமா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மே 9

மேஜர் தானாகவே கூப்பிட்டார். முதல் தடவை.

ஒரு பெண், தையல்காரி. விறகு எடுக்கப்போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. சின்ன மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து உடனே போட்டுவிட்டார்கள். ஆனால் இமை சரிந்து, மூச்சு தளரத் தொடங்கிவிட்டது. தொண்டைக்குள் மூச்சுக்கான குழாய் போட்டு, பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். வழி முழுக்கப் பையை அமுக்கிக்கொண்டு போனவர் மேஜர்தான். பாதி வழியில், ஒரு வளைவில் வண்டி குலுங்கியதில் குழாய் வெளியே வந்துவிட்டது. ஓடும் வண்டியில் திரும்பப் போட முடியவில்லை. முகமூடி வைத்து அமுக்கிப் பார்த்திருக்கிறார். போதவில்லை.

"திட்டக் கூப்பிடலை மேடம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

வைத்துவிட்டார்.

மே 10

அந்த ரூம் இருந்திருந்தா பிழைச்சிருப்பா. இதுல சந்தேகமே இல்ல. ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு நாள் மூச்சு கொடுத்திருந்தா எழுந்து வீட்டுக்கு நடந்து போயிருப்பா. வாளித் தண்ணியில கை கழுவியிருந்தாலும். ஜன்னலே இல்லாட்டியும்.

கணவர் சொல்கிறார், "நீ எழுதினதுல பொய் ஏதாவது இருக்கா? இல்லையே. அப்புறம் ஏன் உடம்பைக் கெடுத்துக்கறே?"

பொய் இல்ல. அதுதான் தாங்கமுடியல.

மே 19

லீவு போட்டுவிட்டுச் சின்ன மருத்துவமனைக்குப் போனேன். அந்த அறையில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேஜர் புறநோயாளிப் பகுதியில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். தலையை மட்டும் அசைத்தார்.

இறப்புச் சான்றிதழுக்காகத் தையல்காரியின் கணவர் வந்திருந்தார். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. டாக்டர் என்று மட்டும் சொன்னேன்.

"விஷம் இறங்கிடும், மூச்சை மட்டும் பாத்துக்கிட்டா போதும்னாங்க டாக்டர். அதான் நம்பிக்கையா இருந்தேன். முன்னாடி இங்கேயே பாப்பாங்களாமே... யாரோ வந்து பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்களாம்."

நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். உள்ளே இருந்து அவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்விட்டார்.

ஜூன் 3

மறுபடி இயக்குநர், அந்த அறையைத் திறக்கச் சொல்லி. இந்த முறை காபி இல்லை.

"ஐ.சி.யூ.ன்னு பேர் வச்சு இனி அங்க நடத்த முடியாது. ஆபரேஷன் முடிஞ்சவங்களைக் கவனிக்கிற அறைன்னா நடத்தலாம். அதுக்கு மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர் அங்கேயே இருக்கணும். யாரும் போகமாட்டேங்கறாங்க."

"நான் போறேன் சார்."

நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

"அந்த மூச்சுக்கருவியைத் திருப்பிக் கொடுங்க, அது போதும்."

ஜூன் 4

"போறது அவங்களுக்காகவா, உனக்காகவா?" என்று கேட்டார் கணவர். கோபமாக இல்லை. தெரியவில்லை என்றேன். வார இறுதியில் நான் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு.

ஜூலை 21

சின்ன மருத்துவமனையில் சேர்ந்து மூன்றாவது வாரம். வாசலில் பலகை இல்லை. பெயர் என்னவாக இருந்தாலும் படுத்திருப்பவர்கள் அதே மாதிரிதான்: விஷம், ரத்தப்போக்கு, நிற்காத வலிப்பு. மூச்சுக்கருவி திரும்பி வந்துவிட்டது, தண்ணீரும். ஆக்ஸிஜன் இன்னும் விழுகிறது. நர்ஸ் போதவில்லை. நான் எழுதிய குறைகளில் பெரும்பாலானவை அப்படியே இருக்கின்றன, இப்போது நான் அவற்றுக்கு நடுவில் நிற்கிறேன். நேற்று ஒரு தாய் இறந்தாள். பெரிய இடத்தில் இருந்திருந்தால் ஒருவேளை... இந்த ஒருவேளைக்கு முடிவே கிடையாது.

மேஜர் வேலைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. 'மேடம்', அவ்வளவுதான். மற்ற டாக்டர்களோடு வாயடிப்பது சுவரைத் தாண்டிக் கேட்கிறது.

ஆகஸ்ட் 2

வீட்டுக்குப் போகவில்லை. போனில் அவர், "சரி, பாத்துக்கோ" என்றார்.

ஆகஸ்ட் 16

கட்டட வேலைக்காரர் ஒருவர், நிமோனியா. காலையிலிருந்து ஆக்ஸிஜன் ஏறவேயில்லை. குப்புறப் படுக்க வைத்துப் பார்க்கலாம் என்றேன். கனத்த உடம்பு, குழாயும் நகரக் கூடாது. மேஜர் தலைமாட்டுக்குப் போய்க் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா நிக்கிறீங்க? இடுப்பைப் பிடிங்க. நான் சொல்றப்போ திருப்பணும்."

பிடித்தேன். திருப்பினோம். குழாய் அசையவில்லை. மூச்சு வாங்க இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் மானிட்டரைப் பார்த்தபடி நின்றோம். எண் கொஞ்சம் ஏறியது. அங்கேயே நின்றது.

பிழைப்பாரா, தெரியாது.

மேஜர் ஒரு ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளிவிட்டார். "உக்காருங்க. இப்போதைக்கு வேற ஒண்ணும் பண்ண முடியாது."