படகுக் காட்சியில் நீ சொன்னது

ஹாலிவுட்,
அக்டோபர், 1930

திரு. ஆர்வில் டீக் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. ஃபிரெஸ்னோவில் உன் அக்காவின் திராட்சைத் தோட்டத்தில் வேளாவேளைக்கு வயிறு முட்டத் தின்றுகொண்டு சௌக்கியமாக இருப்பாய். இங்கே நான் சௌக்கியமாக இல்லை. அது தெரிந்தால் உனக்கு இன்னும் இரண்டு வாய் கூடுதலாக இறங்கும்.

பொமோனா தியேட்டரில் நம் முதல் பேசும்படத்தைச் சனங்களுக்கு முன்னோட்டமாகப் போட்டுப் பார்த்த அன்று பாதியில் எழுந்து போனாயே, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க உனக்குத் துப்பில்லை. நானே சொல்கிறேன். சனங்கள் சிரிப்பை நிறுத்தவே இல்லை. முதலாளி ப்ராட்கின் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, “அடி சக்கை, லுரீன்! ஊமைப் படத்துல இத்தன வருஷம் கொஞ்சிக் கொஞ்சி நடிச்சீங்க, ஒருத்தனும் சீந்தல. இப்ப புருஷனும் பொண்டாட்டியும் திட்டிக்கிட்டதும் கூரை பிச்சுக்கிட்டுப் போகுது பாரு!” என்றார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன். கையுறை புதிது என்பதால் விட்டேன்.

நம் திட்டு வெளியே கேட்டதில் அவர் தப்பும் உண்டு. படகுக் காட்சியில் வசனம் இல்லை, பின்னால் பாட்டைப் போட்டு மூடிவிடலாம் என்று டைரக்டர் ஃபிட்ச் சொன்னார். காசு கொடுத்துப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட ப்ராட்கினுக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டுக் கூடைக்குள் ஒளித்து வைத்த மைக்கை யாரும் அணைக்கவும் இல்லை. கழுவிய ஈரம்கூடக் காயாத பிலிமைப் பொமோனாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவராவது காது கொடுத்துக் கேட்டுப் பார்த்தார்களா?

ஆனால் நாமும் பழைய ஆட்கள்தானே. கேமரா ஓடினால் முகத்தில் காதல் வழிய வேண்டும், வாயில் என்ன வந்தாலும் கேட்பாரில்லை. அப்படித்தான் நீ என்னைப் பிடித்தாய். முதல் படத்தில் என் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, “பவுடர் அப்பினியா, இல்ல மாவு மூட்டைல விழுந்தியா?” என்றாய். நான் கண்ணில் நீர் ததும்ப, “முதல்ல உன் காலக் கழுவிட்டு வாடா, நாத்தம் தாங்கல” என்றேன். உதட்டசைவைப் படித்துவிட்டுக் காது கேளாதோர் பள்ளி டீச்சர் ஒருத்தி, இவர்கள் வாயில் சோப்புப் போட வேண்டும் என்று கம்பெனிக்குப் புகார் எழுதினாள். அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்த வாரத்தில்தான் நாம் கல்யாணம் செய்துகொண்டோம். மற்றவர்கள் கொஞ்சுவார்கள், நாம் திட்டுவோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

படகிலும் அப்படித்தான் நினைத்தேன். என் முடியைக் கோதிக்கொண்டே நீ சொன்னாய்: “இந்தப் படத்தோட சரி, லுரீன். இதுக்கு மேல உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது.” நான் உன் நெஞ்சில் சாய்ந்து, “தாராளமா போ. போறப்ப அந்தச் சனியன் புடிச்ச தொப்பியையும் எடுத்துக்கிட்டுப் போ” என்றேன். விளையாட்டு என்றே நினைத்தேன். உன் கண்கள் அப்படிக் கனிந்திருந்தன. அந்தக் கண்ணைக் காட்டித்தானே சம்பளம் வாங்குகிறாய்!

பொமோனாவில் அந்த ஒலிபெருக்கி வழியாக உன் குரல் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதில் விளையாட்டே இல்லை. களைத்துப்போன குரல். இத்தனை நாள் உன் முகத்தைப் பார்த்தே குடும்பம் நடத்தியிருக்கிறேன், குரலைக் கேட்டதே இல்லை. தியேட்டரே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆணியில் தொப்பி இல்லை. நான் சொன்னதில் நீ தட்டாமல் கேட்டது அது ஒன்றுதான், அயோக்கியா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சனங்கள் சிரித்ததால் படகுக் காட்சியை ப்ராட்கின் அப்படியே விட்டுவிடுகிறார். ஆனால் படகில் இப்படித் திட்டிக்கொண்டவர்கள் படத்தின் கடைசியில் எதற்குக் கட்டிக்கொள்கிறார்கள் என்று சனங்களுக்குப் புரியவில்லையாம். அதனால் முடிவை மறுபடி எடுக்கிறார்கள். வியாழக்கிழமை காலை. படத்தில் சலவைக்காரியான என்னிடம் நீ வந்து மன்னிப்புக் கேட்கிறாய். மைக் அழுக்குத் துணிக் கூடைக்குள் இருக்கும். வசனத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். உனக்குத் தோதான பொய்தான், சுலபமாக மனப்பாடமாகும்.

ஃபிட்ச் “போதும்” என்று சொன்ன பிறகும் மைக்கை அணைக்க வேண்டாம் என்று ஒலிப்பதிவுக்கார கஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். “எதுக்கும்மா வம்பு?” என்றான். வம்பு எனக்குத்தான் வேண்டும். வசனம் முடிந்ததும் நீ நகராதே. எழுதிக் கொடுக்காத ஏதாவது ஒன்றைச் சொல். திட்டினாலும் சரி. நான் உன் மூஞ்சியைப் பார்க்க மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பொமோனாவில் கேட்ட அதே குரல் என்றால் உன் பெட்டியை நானே கட்டித் தருகிறேன். மறுபேச்சு இருக்காது.

அங்கே தோட்டத்துத் தூசியில் அலையாதே. இரண்டு நாளில் உனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பது உன் அக்காவுக்குத் தெரியாது. தேனும் எலுமிச்சையும் குடி. வியாழக்கிழமை நல்ல குரலோடு வா. தொப்பியோடு வா.

இன்னும் உன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும்,
லுரீன் டீக்